அப்புத்தளையிலிருந்து தெமோதரை வரை ரயில் பாதையோரம் நடக்க: திருகோணமலையிலிருந்து போகிற பிள்ளைகளுக்கு

"சேர், நாங்கள் உப்புவெளியில் நாலு பேர். மலைநாட்டு ரயில் பாதையோடு இரண்டு நாள் நடக்க ஆசை. தண்டவாளத்திலேயே நடந்து போகலாமா? எந்த இடம் நல்லது, எந்த மாதம் போகலாம், இங்கேயிருந்து எப்படிப் போறது?" இதுதான் நீங்கள் கேட்டது. கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்லப் போகிறேன். அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஏழு வருடம் புவியியல் படிப்பித்தவன் நான். அந்தப் பாதையோரம் நடந்த நடைதான் என்னை அந்தக் குளிரில் ஏழு வருடம் வைத்திருந்தது.

முதல் கேள்விக்கு முதலில் பதில். தண்டவாளத்தில் நடக்க வேண்டாம். அனுமதியில்லாமல் பாதையில் நடப்பது ரயில்வே கட்டளைச் சட்டப்படி குற்றம், அது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம் அந்தப் பாதையின் அமைப்பு. நம்மூர்ப் பாதையை மனதில் வைத்துக்கொண்டு அங்கே போகக்கூடாது. தம்பலகாமத்தில் வயல் நடுவே நின்றால் சீனன்குடாப் பக்கமிருந்து வருகிற ரயிலை வெகு தூரத்திலேயே காணலாம். மலையில் வளைவுகளின் ஆரம் சில இடங்களில் வெறும் 100 மீற்றர்தான். ஒரு பக்கம் மலையை வெட்டிய சுவர், மறுபக்கம் கிடங்கு. அப்படி ஒரு வளைவில் நிற்கிறவனுக்கு முன்னால் 50 மீற்றர் தெரிந்தாலே பெரிய காரியம். ரயில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் வந்தாலும் அந்த 50 மீற்றரைக் கடக்க ஏழு செக்கன்தான் எடுக்கும். "மெதுவாகத்தானே வருகுது" என்று நினைத்துப் படம் எடுக்க நின்று உயிரை விட்டவர்கள் இந்தப் பாதையில் இருக்கிறார்கள், உள்ளூராரும் வெளிநாட்டாரும்.

சத்தம் கேட்டால் ஒதுங்கலாம் என்றும் நினைக்காதீர்கள். ஏறி வருகிற ரயில் உறுமிக்கொண்டு வரும். இறங்கி வருகிற ரயிலுக்கு அந்த உறுமல் இல்லை. காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் இருக்கிற சத்தத்தையும் கொண்டுபோய்விடும். எனக்கு இது நடந்தது. போன முதல் வருடம், வயது இருபத்தாறு, யார் சொன்னாலும் கேட்காத வயது. இதல்கஸ்ஹின்னையிலிருந்து அப்புத்தளைக்குத் தண்டவாளத்திலேயே வந்துகொண்டிருந்தேன். பின்னேரம் மூன்று மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் வெட்டிய மண்சுவர் உள்ள ஒரு இடத்தில், காலின் கீழே சல்லிக்கல் மெல்ல அதிர்வது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். பனிக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம், அவ்வளவுதான். சுவரில் முளைத்திருந்த பன்னச் செடிகளைப் பிடித்துக்கொண்டு முதுகை மண்ணோடு ஒட்டி நின்றேன். பெட்டிகளின் படிகள் என் நெஞ்சுக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் போயின. கடைசிப் பெட்டி போன பிறகும் கை பன்னச் செடியை விடவில்லை. அன்றோடு தண்டவாளத்தில் நடப்பதை விட்டேன்.

அப்போது அங்கேயுள்ளவர்கள் நடக்கிறார்களே என்று கேட்பீர்கள். நடக்கிறார்கள், வேறு வழியில்லாமல். விறகோடும் பால்கேனோடும் பள்ளிக்கூடப் பையோடும் நடக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. ஒருநாள் ஒரு விறகுக்காரப் பாட்டியோடு கதைத்துக்கொண்டு அப்புத்தளை ஸ்டேஷன் பக்கம் பாதையோரம் வந்தேன். திடீரென்று "வெலகி நில்லுங்க சேர்" என்றார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பாட்டி கீழே கையைக் காட்டினார். பாதையோரம் சின்னச் சின்னக் கப்பிகளின் மேல் ஓடுகிற ஒரு கம்பி, புல்லுக்குள் ஒரு முழம் இழுபட்டு நின்றது. ஸ்டேஷனில் நெம்புகோலை இழுத்தால் இந்தக் கம்பிதான் போய்க் கைகாட்டியை இறக்கும். கைகாட்டி இறங்கினால் ரயில் வருகிறது. பாட்டி ரயிலுக்குக் காது கொடுக்கவில்லை, கம்பியைப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறார். சில நிமிடத்தில் ரயில் வந்தது. இந்தக் கண் நமக்கு இரண்டு நாளில் வராது.

தண்டவாளத்தில் நடக்காமலே அந்தப் பாதையை நன்றாகப் பார்க்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. பாதைக்கு மேலும் கீழும் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகள் ஓடுகின்றன. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போகும் வழி, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகும் வழி, கோயிலுக்குப் போகும் வழி. அவற்றில் நின்றால்தான் ரயில் மலையைச் சுற்றி வளைந்து வருவது முழுதாகத் தெரியும். தண்டவாளத்தின் மேல் நிற்பவனுக்குச் சிலிப்பர் கட்டைதான் தெரியும்.

பழைய தோட்டப் பாதைகளைத் தொடுத்து 'பீக்கோ ட்ரெயில்' என்று ஒரு நீண்ட நடைவழியை இப்போது அமைத்திருக்கிறார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், அப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடியும். 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். முழுவதும் நடக்க உங்களுக்கு நாள் போதாது. ஆனால் ரயில் பாதையை ஒட்டி வருகிற துண்டுகளை அதன் வரைபடத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். போனில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள், மலைமடிப்புக்குள் சிக்னல் போய்விடும்.

போக முதல் அந்தப் பாதையைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும். திருகோணமலை ஸ்டேஷனில் கிடக்கிற தண்டவாளத்தின் அகலம் எவ்வளவு? ஐந்தரை அடி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,898 மீற்றர் உயரத்தில் இருக்கிற பட்டிப்பொல ஸ்டேஷனிலும் அதே ஐந்தரை அடிதான். நாட்டின் ஆக உயரமான ஸ்டேஷன் அது. ஊட்டிக்குப் போகிற நீலகிரி ரயில் ஒரு மீற்றர் அகலப் பாதை. அதற்குத் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் போட்டு, இஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும். 12 அடிக்கு ஒரு அடி என்கிற அளவில் அது செங்குத்தாக ஏறும். இலங்கையில் பல்சட்டம் இல்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடிக்கிற பிடியில் மட்டும்தான் ஏற வேண்டும். அப்படி ஏறுவதானால் சரிவு மென்மையாக இருக்க வேண்டும். ஆகக் கூடிய சரிவு 44 அடிக்கு ஒரு அடி. ஒரு கிலோமீற்றர் ஓடினால் 23 மீற்றர் ஏற்றம். மலை அப்படி மென்மையாக இல்லையே? அதனால்தான் பாதை ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் போய்ப் போய் வருகிறது. நீங்கள் காணப்போகிற ஒவ்வொரு வளைவும் சுரங்கமும் பாலமும் இந்த 44க்கு 1 என்ற கணக்கைக் காப்பாற்றுவதற்காக வந்தவைதான்.

இரண்டாவது விஷயம், இது ஏன் வந்தது, யார் போட்டது. கோப்பிக்காக வந்தது. கண்டிச் சீமையில் விளைந்த கோப்பியை மாட்டு வண்டியில் கொழும்புக்குக் கொண்டுபோக வாரக்கணக்காகும், தோட்டத் துரைமார் ரயில் கேட்டார்கள். 1867 இல் ரயில் கண்டிக்கு வந்தது, 1874 இல் நாவலப்பிட்டிக்கு வந்தது. ஆனால் 1869 இலேயே கோப்பி இலையில் பூஞ்சை நோய் விழுந்துவிட்டது. 1885 இல் ரயில் நானுஓயாவுக்கு ஏறியபோது கோப்பி செத்துக்கொண்டிருந்தது, பெட்டிகளில் ஏறியது தேயிலை. பண்டாரவளைக்கு 1894, பதுளைக்கு 1924. பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடையில் ஏறத்தாழ 20 மைல்தான். அந்த 20 மைலுக்கு 30 வருடம்.

பாறையை உடைத்ததும் மண் சுமந்ததும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்ச் சனங்கள். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்தவர்களின் கூட்டம் அது. வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. கடுகண்ணாவ ஏற்றத்தில் பாதை போட்ட காலத்தில் மலேரியாவும் கொலராவும் எடுத்த உயிர்கள் இன்னொரு கூட்டம். இஞ்சினியர்மாரின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. மண் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் பாதையோர லயங்களில் இருக்கிறார்கள். 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது நாடில்லாதவர்களாக ஆக்கப்பட்டதும் அவர்கள்தான். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு அடிபட்டு நம்முடைய மாவட்டத்துக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனை? உங்கள் வகுப்பிலேயே இருந்திருப்பார்கள். நாம் பார்க்கப் போவது அவர்களுடைய பாட்டன் பூட்டன் வெட்டிய மலை. அந்த நினைப்போடு நடந்தால் நல்லது.

இனி எங்கே நடப்பது. முதல் நாளுக்கு இதல்கஸ்ஹின்ன – அப்புத்தளை. அப்புத்தளையில் காலமை ரயில் ஏறி இதல்கஸ்ஹின்னையில் இறங்குங்கள், அங்கேயிருந்து நடந்து திரும்புங்கள். ஸ்டேஷனே ஒரு முதுகெலும்பின் மேல் இருக்கிறது. ஒரு பக்கம் சப்ரகமுவ, மறுபக்கம் ஊவா, இரண்டு பக்கமும் நிலம் சரிந்து போகும். தெளிந்த காலையில் தெற்கே சமவெளி கடல் வரைக்கும் விரியும். அவசரப்படாமல் பிளாட்போமில் நில்லுங்கள், ரயில் போகிறபோது ஸ்டேஷன் மாஸ்டரின் கையைக் கவனியுங்கள்.

அவர் கையில் பெரிய வளையம் மாட்டிய ஒரு தோல் பை இருக்கும். உள்ளே வட்டமான ஒரு உலோகத் தகடு. அதைத்தான் டெப்லட் என்பார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வந்துவிடாமல் காப்பது இந்தத் தகடு. அடுத்த ஸ்டேஷன் வரைக்குமான துண்டுக்குரிய தகடு கையில் இல்லாமல் சாரதி ரயிலை எடுக்க முடியாது. இரண்டு ஸ்டேஷனிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் பிணைந்தவை. ஒரு பக்கத்தில் ஒரு தகடு வெளியே வந்தால், அது மறுபடி ஒரு பெட்டிக்குள் விழும்வரை இரண்டாவது தகடு வராது. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த வேலைப்பாடு. நான் பார்த்த ஒரு பனிக்காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. நிற்காமல் மெதுவாகப் போகிற இஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு பழைய வளையத்தை எறிந்தது, அடுத்த கணம் மாஸ்டர் உயர்த்திப் பிடித்த புது வளையத்துக்குள் அதே கை தோள்வரைக்கும் நுழைந்து அதைக் கொண்டுபோனது. ஒரு சொல் கதைக்கவில்லை. மூடுபனியில் அவர்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்திருக்கவும் மாட்டாது.

அப்புத்தளைக்கு நடக்க எட்டு ஒன்பது கிலோமீற்றர் வரும். நடுவில் தங்கமலைக் காடு. சின்னக் காடுதான், ஆனால் ஒதுக்குக் காடு. அதனால் உள்ளே இறங்க முதல் அங்கே அனுமதி விசாரித்துக்கொள்ளுங்கள். காட்டு வழி சில இடத்தில் தண்டவாளத்தைத் தொட்டுப் போகும். அங்கே நின்று, பார்த்து, குறுக்கே கடந்துவிட வேண்டும், தண்டவாளத்தோடு நீளமாக நடக்கத் தொடங்கக் கூடாது. காட்டின் மறுமுனையில் ஆதிஷம் என்கிற கல் மாளிகை. தோமஸ் வில்லியர்ஸ் என்ற துரை 1931 இல் கட்டியது, இப்போது கத்தோலிக்கத் துறவிகளின் மடம். அங்கேயிருந்து அப்புத்தளைக்கு நல்ல தார் வீதி இருக்கிறது.

அப்புத்தளைக்கும் எல்லவுக்கும் இடையில் நடக்கச் சொல்ல மாட்டேன், ரயிலில் போய்விடுங்கள். தியத்தலாவை இராணுவ முகாம் பகுதி, அங்கே கமராவைப் பைக்குள் வையுங்கள். 1900 இல் தென்னாபிரிக்காவில் பிடித்த போயர் கைதிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து அடைத்து வைத்ததும் இந்தத் தியத்தலாவையில்தான். இந்தத் தண்டவாளம் இருந்தபடியால்தான் அவ்வளவு பேரை அந்த மேட்டில் வைத்திருக்க முடிந்தது.

இரண்டாம் நாள் எல்ல – தெமோதரை. ஆறேழு கிலோமீற்றர், ஆனால் நாள் முழுக்க எடுத்துக்கொள்ளுங்கள். விடிய ஆறு மணிக்கெல்லாம் எல்லவிலிருந்து வெளிக்கிட்டால் ஒன்பது வளைவுப் பாலத்தில் கூட்டம் சேர முதல் போய்விடலாம். ஏறத்தாழ 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம், வளைந்து நிற்கிற பாலம். 1919 இல் வேலை தொடங்கி 1921 இல் முடிந்தது. கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், இரும்பு இல்லை. முதலாம் உலகப் போருக்கு இரும்பு போய்விட்டதால் ஊர் மேஸ்திரியான அப்புஹாமி என்பவர் கல்லாலேயே கட்டித் தருகிறேன் என்று முன்வந்தார் என்பது அங்கே எல்லாரும் சொல்லும் கதை. இரும்பில்லாமல் நூறு வருடம் எப்படி நிற்கிறது? வளைவு என்றால் அதுதான். மேலே ரயில் ஏற ஏறக் கல் கல்லை நெருக்கிப் பிடிக்கும், நெருக்குவதைத் தாங்குவது கல்லின் பலம், இழுபடுவதுதான் அதற்கு ஆகாது. வளைவு கல்லை இழுபட விடாது.

எல்லாரும் பாலத்தின் மேல் நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் கீழே இறங்குங்கள். பள்ளத்துக்குள் தேயிலை வழியே ஒரு பாதை போகும், ஈரமாயிருந்தால் வழுக்கும். தூண்களின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு துண்டு வானம். சிங்களத்தில் இதற்கு 'அஹஸ் நமயே பாலம்', ஒன்பது வானப் பாலம் என்று பெயர். மேலே நிற்பவருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்றே தெரியாது.

அங்கேயிருந்து தெமோதரைக்குத் தோட்ட வீதியால் போகலாம். தெமோதரைதான் எனக்கு ஆகப் பிடித்த இடம், பாலத்தைவிடவும். எல்லவிலிருந்து வருகிற ரயில் தெமோதரை ஸ்டேஷனில் நின்று, வெளிக்கிட்டு, மலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு நேர் கீழே ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து பதுளைப் பக்கம் போகும். பள்ளத்தாக்கு திடீரென்று ஆழமாகிறது, நேரே இறங்கினால் 44க்கு 1 கணக்கு கெட்டுவிடும். சுற்றினால் தூரம் கூடும், தூரம் கூடினால் சரிவு குறையும். வழி தெரியாமல் தவித்த இஞ்சினியர், தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்து இந்த யோசனையை எடுத்தார் என்று அங்கே சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையைத் தோட்டத்துச் சனங்கள் நூறு வருடமாகக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். இந்தப் பாதையில் தங்களுக்கு ஒரு பங்கு உண்டென்று அவர்கள் வைத்திருக்கிற உறுதி அது. ஸ்டேஷனில் சுற்றுப் பாதையின் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள், அதை முதலில் பாருங்கள். பிறகு எதிரே உள்ள மேட்டில் ஏறி அடுத்த ரயில் வரும்வரை உட்காருங்கள்.

எந்த மாதம்? இதற்கு நம்மூர்க் காற்றையே கேளுங்கள். ஆனி, ஆடியில் இங்கே கச்சான் அடிக்கிறதே, முகம் காய்ந்து உதடு வெடிக்கிற காற்று, அது கடலிலிருந்து புறப்படும்போது ஈரக் காற்று. தென்மேற்கிலிருந்து வந்து நாவலப்பிட்டி, ஹட்டன் மலைகளில் ஏறி மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது காய்ந்து, சூடேறி, கடைசியில் நம்முடைய வாசலுக்கு வருகிறது. அதனால் அந்த மாதங்களில் பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் நடுவிலுள்ள முகட்டுச் சுரங்கத்தின் மேற்கு வாயில் மழை, கிழக்கு வாயில் வெயில். ஒரே சுரங்கம், இரண்டு காலநிலை. அந்தக் காய்ந்த காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் வாசம் ஏறுகிறது. ஆகவே இங்கே கச்சான் அடிக்கும்போது நீங்கள் ஊவாப் பக்கம் தாராளமாக நடக்கலாம். அப்புத்தளை முகட்டில் காற்று ஆளைத் தள்ளும், அது மட்டும்தான். மாசி, பங்குனியும் நல்லது.

ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் வேண்டாம். நமக்கு மாரி என்றால் அங்கேயும் மாரி, நமக்கு வெள்ளம் என்றால் அங்கே மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது இந்த அப்புத்தளை மலைத்தொடரின் தெற்குச் சரிவில்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டுப் பாதை பல இடங்களில் சரிந்தும் அரித்தும் போனது. அப்புத்தளை முகட்டின் வடக்குப் பக்கம் விழுகிற மழை உமா ஓயாவாகி மகாவலியில் கலந்து கொட்டியாரக் குடாவுக்கு வருகிற மழை. அந்த நாட்களில் மூதூர், வெருகல் பக்கம் வந்த வெள்ளத்தில் அந்த மலையின் மண்ணும் இருந்தது. அதனால் வெளிக்கிட முதல் எந்தெந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். ரயில் ஓடாத துண்டு என்றால் நடக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். திருத்த வேலை ட்ரொலியும் கல் ஏற்றிய பெட்டியும் நேரங்காலமில்லாமல் வரும், அரித்துப்போன கரை ஆள் பாரத்துக்கே இறங்கும்.

போகும் வழி: இரண்டு இருக்கிறது. ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் பஸ், அங்கேயிருந்து ரயில் ஓடினால் ரயில். எனக்குப் பிடித்தது மற்ற வழி. கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர், வெருகல், வாகரை என்று மட்டக்களப்புப் பக்கம் இறங்கி, செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்புங்கள். மகா ஓயா, பிபிலை தாண்டினால் மலை தொடங்கிவிடும். கடற்கரையிலிருந்து ஒரே நாளில் தேயிலைக்குள் ஏறுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாம். அன்றிரவு அப்புத்தளையில் தங்குங்கள்.

பையில்: ஒரு கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, டோர்ச், பிடிப்புள்ள அடியோடு சப்பாத்து. செருப்போடு வர வேண்டாம். ஈரமான இடங்களில் அட்டை கடிக்கும். சவர்க்காரத்தைக் காலுறையில் தேய்த்து விடுங்கள், கடித்தால் பிடுங்காமல் கொஞ்சம் உப்பை வையுங்கள், தானாக விழும். அட்டை ஒன்றும் செய்யாது, பயப்பட வேண்டியது குளவிக்கு. தேயிலை மரநிழலிலும் பாறையிலும் பெரிய கூடுகள் இருக்கும், கொழுந்து பறிப்பவர்கள் வருடா வருடம் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். வாசனைத் தைலம் பூசாதீர்கள், பாட்டுப் பெட்டி வைத்துக் கொண்டு நடக்காதீர்கள், யாராவது "அந்தப் பக்கம் போகாதீங்க" என்றால் ஏன் என்று கேட்காமல் திரும்புங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. ரயிலில் வடை வரும், சுடச்சுட, கொப்பித்தாளில் சுற்றி. ஒருமுறை எனக்கு வந்த தாளில் என்னுடைய மாணவன் ஒருவனுடைய எழுத்தே இருந்தது, இலங்கை வரைபடம், மகாவலியை மட்டும் நீல மையால் வடிவாகக் கீறியிருந்தான். வடையைத் தின்றுவிட்டு எண்ணெய்த் தாளை மடித்து வைத்துக்கொண்டேன், இன்னும் இருக்கிறது.

ஒரு பெரிய வசதி உங்களுக்கு உண்டு, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அது இல்லை. வழி கேட்கத் தமிழ் போதும். பெரியவர்களை ஐயா, அம்மா என்று கூப்பிடுங்கள், அவர்கள் உங்களை "வாங்க, ஒக்காருங்க" என்று பிளேன்ரீ தருவார்கள். குடியுங்கள், மறுக்காதீர்கள். கொழுந்து பறிக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நிறுவைக்கு நேரம் பார்த்து வேலை செய்கிறவர்களை மறித்துச் சிரிக்கச் சொல்லாதீர்கள். லயத்து வாசல் அவர்களுடைய வீட்டு முற்றம், குறுக்கே போக வேண்டி வந்தால் கேட்டுவிட்டுப் போங்கள். பொலித்தீன் ஒன்றும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கடைசி நாள் தெமோதரையிலிருந்து எல்லவுக்குத் திரும்பாமல் பதுளைக்கு டிக்கெட் எடுங்கள். மேட்டிலிருந்து பார்த்த அதே சுற்றில் நீங்களே ரயிலுக்குள் இருந்து போகலாம். சுரங்கத்துக்குள் புக முதல் யன்னலால் மேலே பாருங்கள், சற்று முன் டிக்கெட் எடுத்த ஸ்டேஷன் தலைக்கு மேல் இருக்கும். பதுளையில் இறங்கினால் செங்கலடிப் பக்கம் பஸ் எடுத்து வீட்டுக்கு வந்துவிடலாம். நாள் முடிவானதும் சொல்லுங்கள். ஆடியில் போவதென்றால் அப்புத்தளைக் காற்றுக்குக் காது மூடுகிற கம்பளித் தொப்பி வேண்டும், நம்மூர்க் கடையில் தேடி அலைய வேண்டாம். என்னிடம் இரண்டு இருக்கிறது, பின்னேரம் ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.